சுவரின் கீழ்ப்பக்கம்

மெந்தோ வீட்டுக் கூரை இறவாணத்தில் அந்த மணி நாலு மாதமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. வழக்கப்படி பார்த்தால் அது ஒரே ஒரு ராத்திரி தொங்க வேண்டியது.

சிம்தாங்கில் மொத்தமே பதினேழு வீடு. வெள்ளைக்காரர்கள் மலையில் நடந்து பார்க்க வருகிற பெரிய பாதை ஊர் வழியாகப் போக ஆரம்பித்த வருஷம், வருகிறவர்களை யார் வீட்டில் தங்கவைப்பது என்று ஆளாளுக்குச் சண்டை. ஒருத்தி வாசலில் உட்கார்ந்து காலணி கழற்றிக்கொண்டிருந்த வெள்ளைக்காரரை இன்னொருத்தி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போன கதையெல்லாம் உண்டு. கடைசியில் ஊர் கூடி சௌரி என்கிற மலைமாட்டின் கழுத்து மணி ஒன்றை எடுத்து, இது எந்த வீட்டில் தொங்குகிறதோ அந்த வீட்டு முறை என்று முடிவு செய்தது. காலையில் விருந்தாளி கிளம்பி, ஊர்க் கடைசியில் இருக்கும் மந்திரம் செதுக்கிய சுவரின் முனையைத் தாண்டிவிட்டார் என்றால் அடுத்த வீட்டுக்காரி வந்து மணியைக் கழற்றிக்கொண்டு போவாள். வைத்திருப்பவள் தானாகக் கொண்டுபோய்க் கொடுக்கக் கூடாது. வந்து எடுத்துக்கொள் என்று கூப்பிடவும் கூடாது. அதில் ஒரு கௌரவம் பார்த்தார்கள்.

மெந்தோவுக்கு அடுத்த வீடு கர்முவினுடையது. மழை பிடித்துக்கொண்டதில் வேறு விருந்தாளி யாரும் வரவில்லை. கர்மு வரவில்லை.

வராததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. வைகாசித் தொடக்கத்தில் மெந்தோ வீட்டில் தங்கிய அந்த ஹாலந்துக்காரர் சுவரின் முனையைத் தாண்டவே இல்லை. அறுபது வயதுக்கு மேல் இருக்கும், தனியாக வந்தார். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவினார். மெந்தோ பிடுங்கப் போனபோதும் விடவில்லை. கேழ்வரகுக் களியை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்ட ஒரே வெள்ளைக்காரர் அவர்தான். காலையில் வழிக்கு இரண்டு உருளைக்கிழங்கு வேகவைத்து, உப்பும் மிளகாயும் தாளில் மடித்துக் கொடுத்தாள். முந்தின ராத்திரிதான் வருஷத்தின் முதல் மழை பெய்திருந்தது. சுவருக்குக் கீழ்ப்பக்கமாகப் போனவர், சுவர் முடிகிற இடத்தில் மண் சரிந்து ஆற்றுப் பள்ளத்துக்குப் போய்விட்டார். போலீஸ்காரர்கள் அவரை மேலே கொண்டுவந்து கிடத்தி, சாமான்களை ஒவ்வொன்றாக எழுதினார்கள். கோட்டுப் பையில் அந்த இரண்டு உருளைக்கிழங்கும் இருந்தன. ஒன்று நசுங்கியிருந்தது. அதையும் எழுதிக்கொண்டார்கள்.

மெந்தோ அன்றைக்கும் அழவில்லை, பிறகும் அழவில்லை. உள்ளே என்னமோ மரத்துப்போய்விட்டது. பனிக்காலத்தில் விரல் மரத்துப்போனால் கிள்ளினாலும் தெரியாதே, அந்த மாதிரி. மாட்டுக்குப் புல் அறுத்தாள், சோளத்துக்குக் களை எடுத்தாள், சமைத்தாள், தின்றாள். எல்லாம் நடந்தது.

அந்தச் சுவருக்கு மேல்பக்கம் ஒரு வழி, கீழ்ப்பக்கம் ஒரு வழி. மந்திரம் செதுக்கிய கல்லை அடுக்கிக் கட்டிய சுவர் நடக்கிறவனுக்கு எப்போதும் வலது கைப்பக்கம் இருக்க வேண்டும். ஆகவே மேற்கே போகும்போது கீழ்வழி, திரும்பும்போது மேல்வழி. பால்குடி மறக்காத பிள்ளைக்குக்கூட இது தெரியும். பாதைக்குக் குறி போட வந்த காண்டிராக்டர் ஆட்களுக்குத் தெரியவில்லை. மேல்வழி அகலமாக இருக்கிறதே என்று அதிலிருந்த பாறைகளில் சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். வருகிற வெள்ளைக்காரர்கள் எல்லாம் சுவரை இடது கையில் விட்டுவிட்டு வரிசையாகப் போவதை ஊர் மூன்று வருஷம் பார்த்தது. பார்க்கச் சகிக்கவில்லை. போன மாசியில் லாமா வீட்டுச் சாவு விருந்தில் பேச்சு வந்தது. கெடுதல் நமக்கு இல்லை, அந்த மனுஷர்களுக்குத்தான், நம் வீட்டில் தின்றுவிட்டுப் பாவத்தைக் கட்டிக்கொண்டு போகிறார்கள் என்றார் லாமா. எல்லாரும் உச்சுக்கொட்டினார்கள்.

அந்த விருந்து முடிந்த மூன்றாம் நாள் விடிந்ததும் விடியாததுமாகப் புச்சுங் கிளம்பினான். புச்சுங் மெந்தோவின் புருஷன், தாய்மாமன் மகன். ஜன்னலுக்கு அடித்து மிச்சமிருந்த சிவப்புப் பெயிண்டையும் ஒரு சட்டியில் சுண்ணாம்பையும் எடுத்துக்கொண்டு போனான். மேல்வழிக் குறிகளைச் சுரண்டி, சாணியும் மண்ணும் குழைத்து அப்பினான். கீழ்வழியில் பத்தடிக்கு ஒன்றாகப் புதுசாகப் போட்டான். திரும்பி வந்து, இனி நம் விருந்தாளிகள் ஒழுங்காகப் போவார்கள் என்று சொல்லி, வெண்ணெய் அடித்த உப்புத் தேநீர் இரண்டு டம்ளர் குடித்தான். அவன் முகத்தில் அவ்வளவு திருப்தியை, மகள் பிறந்த அன்றைக்கு அப்புறம் மெந்தோ அன்றுதான் பார்த்தாள்.

குறியை யார் மாற்றியது என்று ஊரில் ஒருத்தரும் கேட்கவில்லை. பாதை ஆபீஸ்காரர்களே வந்து திருத்திவிட்டதாக நினைத்துக்கொண்டார்கள் என்று மெந்தோ எண்ணினாள். பெயிண்ட் டப்பா ஏணிக்கு அடியில், விதைக்கிழங்குச் சாக்குக்குப் பின்னால் கிடந்தது.

அந்த மனுஷர் விழுந்த பிறகு போலீஸ்காரர் ஒருவர் ஊரைக் கூட்டி வைத்துச் சொன்னார். குறியை யாராவது மாற்றியிருந்தால் அது ஆள் செத்த கேஸ், வருஷக்கணக்கில் உள்ளே இருக்கவேண்டி வரும் என்று. ஆடியில் பாதை ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது. சிம்தாங்கில் பாதை கீழ்வழியாகப் போகிறது, கீழ்வழி ஆபத்து, அதனால் பாதையை ஊரைவிட்டே எடுத்து, எதிர் முகட்டில் கோல்பு ஊர் வழியாகத் திருப்பப்போகிறோம் என்று. ஆக, குறி முதலில் மேல்வழியில்தான் இருந்தது என்று புச்சுங் வாயைத் திறந்தால் பாதை ஊரில் நிற்கும், புச்சுங் ஜெயிலுக்குப் போவான். திறக்காவிட்டால் புச்சுங் வீட்டில் இருப்பான், பதினேழு வீட்டுக்கும் பாதை போய்விடும். மெந்தோ இதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். எந்தப் பக்கம் புரட்டினாலும் அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

புச்சுங் பேச்சையே விட்டுவிட்டான். மாட்டிடம் நாலு வார்த்தை பேசுவான், அதோடு சரி. கோல்பு முகட்டில் புதுப்பாதைக்கு வழி வெட்டிப் பார்க்க ஆள் கேட்டபோது முதலில் பெயர் கொடுத்தவன் அவன்தான். ஊர் காறித் துப்பியது. தன் வீட்டுக் கூரையைப் பிரிக்கத் தானே கூலிக்குப் போகிறானே, இவனுக்குச் சூடு சொரணை இல்லையா என்று முகத்துக்கு நேரேயே கேட்டார்கள். அவன் கடப்பாரையைத் தோளில் வைத்துக்கொண்டு, காலில் அட்டை ஏற ஏற, பள்ளத்தில் இறங்கி எதிர்ப்பக்கம் ஏறிப் போனான். சாயங்காலம் உள்ளங்கை கிழிந்து வருவான். மெந்தோ கடுகெண்ணெய் காய்ச்சித் தடவுவாள்.

ஆவணிக் கடைசியில் மழை ஓய்ந்த நாலு நாளில் கிழங்கு தோண்டினார்கள். இன்றைக்கு உன் வயலில் நான், நாளைக்கு என் வயலில் நீ என்று வீடு மாற்றி வேலை செய்வது அங்கே வழக்கம். மணி எடுக்க வராத கர்மு, கிழங்கு தோண்ட முதல் ஆளாக வந்து நின்றாள். கூடவே லாமு. கல்யாணமாகி வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது, வாய் மட்டும் ஊரில் மூத்தது.

"கோல்புக்காரங்க ஆபீஸருக்கு ரெண்டு கிடா வெட்டுனாங்களாம்க்கா," என்று ஆரம்பித்தாள் லாமு.

"யாரு சொன்னா?" என்றாள் கர்மு, மண்ணைக் கிளறிக்கொண்டே.

"எல்லாரும்தான் சொல்றாங்க."

"எல்லாரும்னா உன் மாமியா. கோல்புல ரெண்டு கிடா இருந்தா அவனுங்களே தின்னு தீத்திருப்பானுங்க. ஆபீஸருக்குப் போடற மொகரையா அது?"

"அப்ப எதுக்குப் பாதை அங்க போவுது? இத்தனை வருஷத்துல நம்ம கீழ்வழியில எவ விழுந்தா சொல்லுங்க. என் மாமனாருக்கு ரெண்டு கண்ணும் மங்கல். நேத்து அந்த வழியாப் போயி வெறகு கொண்டாந்து போட்டாரு."

"அவரு சுவத்தைப் புடிச்சுக்கிட்டுப் போவாரு. அந்தாளுக்கு அது தெரியல."

மெந்தோவின் மண்வெட்டி ஒரு கிழங்கை இரண்டாகப் போட்டது. கர்மு நிமிர்ந்து பார்த்தாள்.

"வெட்டிட்டியா? அதைத் தனியா போடு, சாக்குல போட்டா மத்ததும் அழுகும். மத்தியானக் கொழம்புக்கு ஆவும்."

மெந்தோ தனியாகப் போட்டாள்.

கர்முவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். பாதை மாறுவதில் மற்றவர்களுக்கெல்லாம் நஷ்டம் என்றால் அவளுக்கு வயிற்றெரிச்சல். வெள்ளைக்காரர்களுக்குக் குத்தவைக்கத் தெரியாது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, காத்மாண்டுவிலிருந்து பீங்கான் கக்கூஸ் ஒன்றை வரவழைத்தாள். பஸ் நிற்கிற இடத்திலிருந்து இரண்டு நாள் அவள் புருஷன் அதைக் கூடையில் வைத்து, நெற்றிப் பட்டையில் தாங்கிக்கொண்டு ஏறி வந்தான். வழியில் பார்த்தவர்களெல்லாம், சாமி எந்த ஊருக்குப் போகிறது என்று கேட்டார்களாம். அடுத்த முறை அவளுடையது என்று இருந்தபோது ஹாலந்துக்காரர் விழுந்தார். அதில் இன்றுவரை ஒருத்தரும் உட்காரவில்லை. வீட்டு ஆட்களை அவள் அண்டவிடவில்லை. முதலில் விருந்தாளி உட்காரட்டும் என்று துணி போட்டு மூடி வைத்திருந்தாள்.

"மெந்தோக்கா," என்றாள் லாமு கொஞ்ச நேரம் கழித்து. "கல்லு ஒடைக்கப் போறாரே அண்ணன், கோல்புல சோறு போடறாங்களா?"

"கட்டிக்கிட்டுத்தான் போறாரு."

"நாளைக்கு அங்க போற வெள்ளைக்காரங்க எல்லாம் அண்ணன் வெச்ச படியிலதான் கால் வெப்பாங்க. பெருமைதானே."

"லாமு," என்றாள் கர்மு. "வாயை மூடிக்கிட்டுச் சாக்கைப் புடி."

அப்புறம் அவளே, கக்கூஸைத் தூக்கிக்கொண்டுபோய்க் கோல்பு வழியில் வைத்துவிட்டால் என்ன, எவனாவது ஒருத்தன் உட்காராமலா போய்விடுவான் என்று சொன்னாள். லாமு சிரித்து மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். மெந்தோவும் சிரித்தாள். தன் வாய் சிரிப்பதைத் தானே கவனித்தாள்.

லாமு சாக்கைத் தூக்கிக்கொண்டு முன்னால் போன பிறகு, ஏன் மணி எடுக்க வரவில்லை என்று கேட்கலாமா என்று மெந்தோவுக்கு நாக்கு வரை வந்தது. கேட்கக் கூடாது, வழக்கம் இல்லை. கர்மு மண்வெட்டியைக் கல்லில் தட்டி மண்ணை உதிர்த்தாள்.

"நாளன்னிக்கு ஆபீஸர் கூட்டத்துக்கு வருவேல்ல?"

"வருவேன்க்கா."

"வா. வந்து சும்மா உக்காரு. போதும்."

அது அக்கறையா மிரட்டலா என்று மெந்தோவுக்குப் புரியவில்லை.

கூட்டத்து அன்று காலையில் புச்சுங் வேலைக்குப் போகவில்லை. அடுப்படியில் உட்கார்ந்து காஞ்சொறிக் கீரையைக் குச்சியால் அமுக்கி அமுக்கிக் கிண்டிக்கொண்டிருந்தான்.

"நான் கூட்டத்துக்கு வரல," என்றான். "அந்த ஆபீஸர் மூஞ்சியப் பாத்தா சொல்லிடுவேன்."

"சொன்னா?"

"சொன்னா பாதை நிக்கும்."

"நீ?"

அவன் கீரையைக் கிண்டினான். "ஹாலந்துக்காரரு என்ன தப்புப் பண்ணாரு? நான் போட்ட குறியப் பாத்து ஒழுங்காத்தான் போனாரு. சுவத்தை வலது கையிலதான் வெச்சிருந்தாரு, மெந்தோ. சரியாத்தான் போயிருக்காரு."

"பொண்ணுக்கு நர்ஸு படிப்பு இன்னும் ஒரு வருஷம் கெடக்கு. அவ முடிச்சுட்டு வரட்டும். அப்புறமாப் பேசிக்கலாம்."

"அப்புறம் யாருகிட்டப் பேசறது? இன்னைக்கு எழுதிக்கிட்டுப் போயிட்டா அதோட முடிஞ்சுது. அப்புறம் எவன் வந்து கேக்கப்போறான்?"

நாலு மாதத்தில் அவன் சேர்ந்தாற்போலப் பேசியது அவ்வளவுதான். அவள் களியை உருட்டித் தட்டில் வைத்துக் கீரையை ஊற்றினாள். அவன் தின்றான். அவள் சால்வையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். படி இறங்கும்போதே, கேட்டால் நான்தான் குறியை மாற்றினேன் என்று சொல்லிவிடுவது என்று இருந்தது. யோசித்து எடுத்த முடிவு என்று சொல்ல முடியாது. அவள் மனசில் அது ஏற்கெனவே கிடந்தது. மகள் ஞாபகம் வந்தது, அதுவும் தூரத்தில் யாரோ ஒருத்தி மகள் மாதிரித்தான் வந்தது.

மடத்து முற்றத்தில் கூட்டம். ஆபீஸர் பெயர் ரெக்மி. சின்ன வயசுதான், ஆனால் ஏறி வந்ததில் முழங்கால் வீங்கித் துணி சுற்றியிருந்தார். கீழே உட்கார முடியாமல் ஒரு உரலைக் கவிழ்த்துப் போட்டு அதில் உட்காரவைத்தார்கள். மோசமான ஆள் இல்லை. ஒவ்வொருத்தர் சொல்வதையும் குறுக்கே பேசாமல் கேட்டார். வார்டு மெம்பர் ரிஞ்சின் அரை மணி நேரம் பேசினார். பாதையை நம்பித்தான் ஊரில் பாதிப் பேர் வேலைக்கு மலேசியா போகாமல் இருக்கிறார்கள் என்றார். லாமுவின் மாமனார் எழுந்து, கண் தெரியாத நானே கீழ்வழியில் நடந்து காட்டுகிறேன், இப்போதே வாருங்கள் என்று கம்பை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். பிடித்து உட்காரவைத்தார்கள். ஒரு கிழவி கோல்புக்காரர்களின் ஏழு தலைமுறையையும் இழுத்து வைது முடித்தாள். கர்மு கெட்டிலோடு சுற்றிச் சுற்றி வந்து தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

எல்லாம் ஓய்ந்த பிறகு ரெக்மி நோட்டை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல. மேல அவ்வளவு அகலமா வழி இருக்கு. குறி போட்டவன் அதை விட்டுட்டு எதுக்குக் கீழ போட்டான்? மொதல்லேர்ந்தே கீழதான் இருந்துச்சா? ஆபீஸ்ல எழுதி வெச்சது ஒண்ணும் இல்ல. போட்ட ஆளுங்க இப்ப எந்த நாட்டுல இருக்காங்களோ. நீங்க சொல்றதைத்தான் எழுதணும். மேல இருந்துச்சுன்னு சொன்னீங்கன்னா பாதையை மாத்த வேண்டியதே இல்ல, மேல்வழியிலயே விட்டுடலாம். ஆனா அப்ப யாரு எறக்குனதுன்னு அடுத்த கேள்வி வரும். அதை என்னால தடுக்க முடியாது."

லாமா ஜபமணியை உருட்டுவதை நிறுத்தினார்.

மெந்தோ எழுந்து நின்றாள். "சார்," என்றாள்.

"கீழதான் சார் இருந்துச்சு," என்றது பின்னாலிருந்து கர்முவின் குரல். அவள் யாருடைய டம்ளரிலோ ஊற்றிக்கொண்டிருந்தாள், நிறுத்தவில்லை. "மொத நாளே நாங்கதான் கீழ போடச் சொன்னோம். சுவத்தை எடது கையில விட்டுட்டுப் போக இந்த ஊருல யாரையும் விடமாட்டோம். எங்க ஊரு நாய்கூடப் போவாது."

ரெக்மி அவளையே பார்த்தார். "இதை எழுதுனா பாதை போயிடும்மா. தெரியுதா?"

"தெரியுது சார்."

"விருந்தாளிங்களுக்குன்னு நீங்க புதுசாக் கக்கூஸ் வேற கட்டியிருக்கீங்களாமே."

"கட்டியிருக்கேன். ஒங்களுக்கு வேணும்னா போயிட்டு வாங்க. கால் மடக்க வேண்டியதில்ல."

ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். பிறகு லாமா, கீழேதான் இருந்தது என்றார். மெம்பர் ரிஞ்சினும், கீழேதான் சார் என்றார். அரை மணி நேரம் பேசிய மனுஷர், இரண்டே வார்த்தை. லாமுவின் மாமியார் சொன்னாள், மாமனார் சொன்னார். கிழவி சொன்னாள். லாமு தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்.

ரெக்மி நின்றுகொண்டிருந்த மெந்தோவைப் பார்த்தார். "நீங்க என்னமோ சொல்ல வந்தீங்களே?"

மெந்தோ கர்முவைத் திரும்பிப் பார்த்தாள். கர்மு கெட்டிலின் மூடியைத் திறந்து உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கீழதான் சார்," என்றாள் மெந்தோ. உட்கார்ந்தாள்.

அவர் எழுதினார். கையெழுத்துத் தெரிந்தவர்கள் கையெழுத்துப் போட்டார்கள், மற்றவர்கள் பெருவிரல் வைத்தார்கள். அதற்கப்புறம் அந்த மனுஷர் உண்மையிலேயே கர்மு வீட்டுக்குப் போய், துணியை எடுத்துவிட்டு அதில் உட்கார்ந்து எழுந்தார். முழங்கால் மடங்காதவருக்கு மிகவும் வசதியாக இருந்ததாம்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவரை வழியனுப்ப ஊரே போயிற்று. மேற்கே கோல்புக்குப் போகிறார், ஆகவே கீழ்வழி. சுவர் ஆள் உயரம். அந்தப் பக்கம் தெரியாது. மண் சரிந்த இடம் வந்ததும் முன்னால் போன கர்மு நின்றாள். "இங்க சுவத்தைப் புடிச்சுக்கங்க சார். ரெண்டு கையாலயும். கீழப் பாக்காதீங்க." அவர் கையை அவளே எடுத்துக் கல்லின் மேல் வைத்தாள். பக்கத்துக்கு ஒருவராக நின்று அவரைத் தாண்டவிட்டார்கள்.

மெந்தோ அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஹாலந்துக்காரரிடம் இந்த ஒரு வார்த்தையை யாரும் சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரிந்த விஷயமாயிற்றே என்று அவளும் சொல்லவில்லை. கிழங்கு கொடுத்தாள், வாசலில் நின்று கையை ஆட்டினாள், உள்ளே போய்ப் பாய் சுருட்டினாள். குறி போட்டது புச்சுங். சொல்லாதது அவள். இத்தனை நாளில் இது அவளுக்குத் தோன்றியதே இல்லை. தோன்றியபோதும் எதுவும் வலிக்கவில்லை.

ரெக்மி பள்ளத்தில் இறங்கித் தலை மறைந்த பிறகு, ஊர் சுவர் முனையைச் சுற்றிக்கொண்டு மேல்வழியாகத் திரும்பியது.

மேல்வழிப் பாறைகளில் குறி இருந்தது. சிவப்பும் வெள்ளையுமாக, முன்பு ஆபீஸ் ஆட்கள் போட்ட அதே இடங்களில், இன்னும் காயாமல். பழைய சாணிப் பூச்சையெல்லாம் சுரண்டிக் கழுவியிருந்தது. நடுவில் ஒரு பாறைக்குப் பக்கத்தில் புச்சுங் உட்கார்ந்திருந்தான். டப்பா காலடியில் இருந்தது. இரண்டு கையும் முழங்கை வரை சிவப்பு.

யாரும் நின்று கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது. ஆபீஸர் இதைப் பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எல்லாருக்கும் தெரிந்தது. அவர் பார்க்க வழியே இல்லை, மேற்கே போகிறவர் மேல்வழியில் போக முடியாது என்பதும் புச்சுங்குக்குத் தெரியாதா. தெரிந்துதான் போட்டிருப்பான், அதை நினைக்காமலும் போட்டிருக்கலாம். மெந்தோவுக்குச் சொல்லத் தெரியவில்லை.

கர்மு குனிந்து வாய்க்கால் ஓரத்துச் சேற்றை ஒரு கை அள்ளி முதல் குறியின் மேல் அப்பித் தேய்த்தாள். பெயிண்ட் காயாததால் சேறும் சிவப்புமாக இழுபட்டது. இன்னொரு கை அள்ளினாள். லாமுவின் மாமியார் அடுத்த குறிக்குப் போனாள். லாமு, கிழவி, மெம்பர். லாமா வேட்டி மாதிரி அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு குனிந்தார். சேறு அள்ளுகிற சத்தம்தான் கேட்டது. கிழங்கு வயலில் வரிசை பிடித்து வேலை செய்வது போலத்தான் செய்தார்கள். புச்சுங் தடுக்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தான்.

கடைசியில் அவன் பக்கத்துப் பாறை மட்டும் பாக்கி. அது மெந்தோவுக்கு என்று விட்டிருந்தார்கள் போல. அவள் சேற்றோடு வந்து அவன் முன்னால் மண்டியிட்டாள்.

"ஒண்ணையாவது விடு, மெந்தோ," என்றான்.

அவள் கை நின்றது. பின்னால் எல்லாரும் நிற்பது தெரிந்தது. இந்த வழியாக இனி யாரும் வரப்போவதில்லை, விட்டால்தான் என்ன என்று ஒரு நிமிஷம் இருந்தாள். பிறகு தேய்த்தாள். வெள்ளைக் கோடு சீக்கிரம் போய்விட்டது, சிவப்புக்கு மூன்று கைச் சேறு வேண்டியிருந்தது.

"கையக் கழுவிட்டு வீட்டுக்குப் போ தம்பி," என்றாள் கர்மு அவனிடம். "மண்ணெண்ணெய் போட்டுக் கழுவு. போன தடவை ஒரு வாரம் நகத்துல வெச்சுக்கிட்டுத் திரிஞ்ச மாதிரித் திரியாத."

மெந்தோ அப்போதுதான் கர்முவை நேராகப் பார்த்தாள். கர்மு முன்னால் நடந்துவிட்டாள்.

சாயங்காலம் மாட்டைக் கட்டிவிட்டு வரும்போது கர்மு அவள் வாசலில் நின்றிருந்தாள். குந்தாணியைக் கவிழ்த்து அதில் ஏறி, இறவாணத்திலிருந்து மணியின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். நாலு மாத மழையில் முடிச்சு இறுகியிருந்தது. பல்லால் கடித்து இழுத்தாள்.

"இத்தனை நாளா ஏன்க்கா வரல?" என்றாள் மெந்தோ. வழக்கத்தை மீறித்தான் கேட்டாள்.

"அந்தாளு சுவத்தைத் தாண்டலியேடி."

"இப்ப மட்டும்?"

"இப்பப் பாதையே தாண்டிப் போயிடுச்சு. இனி எதுக்கு உன் வீட்டுல தொங்கணும்?" முடிச்சு விட்டது. கர்மு இறங்கினாள். விரலிடுக்கில் இன்னும் சிவப்பு இருந்தது, கயிற்றிலும் ஒட்டியிருந்தது. "லாமா வீட்டுல நாங்களும்தான் உச்சுக்கொட்டுனோம். உன் புருஷன் ஒருத்தன்தான் எந்திரிச்சுப் போயிச் செஞ்சான்."

"நீ என்னைச் சொல்ல விட்டிருக்கலாம்க்கா."

"விட்டிருக்கலாம்," என்றாள் கர்மு. மணியின் நாக்கைக் கையால் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல் எடுத்துப் போனாள்.

மெந்தோவுக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை. பதினேழு வீடும் சேர்ந்து அவள் வாயைச் சாத்திவிட்டன, இனி அவர்கள் முகத்தில் தினமும் விழிக்க வேண்டும். அவர்கள் ஒரு வார்த்தை சொல்லப் போவதில்லை, கிழங்கு தோண்ட முதல் ஆளாக வருவார்கள்.

பொழுது சாய்ந்ததும் அவனுக்குச் சோறு வைத்தாள். மண்ணெண்ணெய் வாடையோடு வந்து உட்கார்ந்தான். கை கழுவியும் நகக்கண்ணில் சிவப்புப் போகவில்லை. வரும்போதே இறவாணம் காலியாக இருப்பதைப் பார்த்திருப்பான். இரண்டு வாய் சாப்பிட்டிருப்பான், பக்கத்து வீட்டில் மணி அடித்தது. நிமிர்ந்தான்.

"யாரோ வந்திருக்காங்க," என்றான்.

"காத்து," என்றாள் மெந்தோ.

அவன் கையில் எடுத்த களியை வாயில் வைக்காமல் இன்னும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தான். அவள் கீரையை இன்னொரு கரண்டி ஊற்றினாள்.